விரல் நுழையாத சக்கரம்

செத்தவன் பெயர் ஹம்மு. ரொட்டிக்கடைக்காரர் மகன். கொன்றவர் என்று உள்ளே இருப்பவர் இத்தர், சைக்கிள் மெக்கானிக். "ஆமாம், நான்தான் கொன்றேன்" என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தரூதந்த் நீதிமன்றத்தில் நிறுத்தப் போகிறார்கள். இவ்வளவு சுத்தமாக முடிந்துபோன வழக்கில் காலை வெயிலில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், என் முதலாளியம்மா லல்லா இஜ்ஜாவைத்தான் கேட்க வேண்டும். நான் பீஹி. டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன். என் வாயைத் தாங்க முடியாமல் பயணிகள் பாதி வழியில் இறங்கி நடந்ததால் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

லல்லா இஜ்ஜா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பொய்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். பொய் சொல்கிற ஆளைக் கண்டால் அவருக்குப் பசி எடுக்கும். அன்றைக்குக் காலையிலிருந்தே, "பீஹி, எனக்கு ரொம்பப் பசிக்குதுடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜாந்தார்ம் போலீஸ் சாவடி முற்றத்தில் அந்தச் சைக்கிளைப் பார்த்த பிறகு அதுவும் நின்றுபோனது. சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தாச்சா?" என்றார் பூஷ்தா. சாவடி அதிகாரி. வடக்கே மெக்னஸ்காரர், எங்கள் தெற்கு வெயிலை ஒரு தண்டனையாக எண்ணி அனுபவித்துக்கொண்டிருப்பவர். "ஃபோர்க்கு சின்னது, சக்கரம் பெருசு. இறக்கத்துல வர்றப்ப டயர் மேல போய் இடிச்சு நின்னுருக்கு. பையன் தலைகுப்புறப் பாறைல விழுந்துட்டான். மெக்கானிக்கும் ஒத்துக்கிட்டான். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல, ஐயா," என்றேன். "உங்க சாவடி டீ பிரமாதமா இருக்கும்னு சொன்னாங்க, அதான்."

"டீ கிடையாது."

"அப்ப துப்பறிஞ்சுட்டே போயிடுறோம்."

எங்கள் தாமக்ரா ஊரில் சைக்கிள் இல்லாத ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஐரோப்பாவில் தூக்கிப்போட்ட மலை சைக்கிள்கள் கப்பலில் வந்து இறங்கும். ஸ்பிரிங் கிடையாது, முன்சக்கரத்தைப் பிடிக்க விறைப்பான இரும்பு ஃபோர்க்கு, சின்னச் சக்கரம். மலையில் ஏற நல்லது. தார் ரோட்டில் மிதித்தால் முழங்கால் கழன்றுவிடும். அதனால் சின்னச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ரோடு சைக்கிளின் பெரிய சக்கரத்தை அதே ஃபோர்க்கில் மாட்டிக் கொடுப்பார் இத்தர். சக்கரம் பெரிதானால் பிரேக் கட்டை ரிம்முக்குக் கீழே போய்க் காற்றைக் கடிக்கும். அதற்கும் பழைய கதவுக் கீலை வெட்டித் தகடு செய்து கட்டையை மேலே ஏற்றிவிடுவார். சுற்று வட்டாரத்தில் இந்த வேலையை அவரைப் போலச் செய்ய ஆள் இல்லை. அதனால்தான் பெரிய சக்கரத்தோடு ஒருவன் செத்துக் கிடந்ததும் ஜாந்தார்ம்கள் நேராக அவர் கடைக்குப் போனார்கள்.

"பீஹி, விரலக் கொடு," என்றார் லல்லா.

"மோதிரமா லல்லா? இத்தனை பேர் முன்னாடியா?"

"உன் மூஞ்சிக்கு மோதிரம் ஒண்ணுதான் குறைச்சல். இங்க நுழைச்சுப் பாரு."

ஃபோர்க்கின் இரண்டு கால்களும் மேலே சேரும் இடத்துக்கும் டயருக்கும் நடுவில் காட்டினார். என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. நகம் மட்டும் போனது.

முந்தின நாள் கம்பிக்குப் பின்னால் இத்தர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "லல்லா, நடுவிரல் தாராளமாப் போகாத சக்கரத்த நான் கடைக்கு வெளிய விட்டதே இல்ல. ஒரு கல் ஒட்டிக்கிட்டா ஆளத் தூக்கி எறிஞ்சுடும்னு தெரியாதா எனக்கு? ஆனா விரல் போகலைன்னு ஐயா சொல்றாரே. போட்டோகூடக் காட்டினாரு. அப்ப அன்னிக்கு நான் பாக்காம விட்டுருக்கேன். பத்தொம்போது வயசுப் பையன், லல்லா. அவங்கம்மா கையால நான் ரொட்டி வாங்கித் தின்னவன்." அதைச் சொல்லிவிட்டுச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டார். சாப்பாட்டுப் பாத்திரம் மூடியபடி பக்கத்தில் இருந்தது.

அந்த மனுஷன் தன்னையே நம்பாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப கீழ குனிஞ்சு மேல பாரு," என்றார் லல்லா. பார்த்தேன். ஃபோர்க்கின் கால்கள் சேரும் இடத்தின் அடியில் பழைய சேறு காய்ந்து அப்பியிருந்தது. டயர் அதை உரசிக்கொண்டு நின்றது. லல்லா அதைப் போனில் படம் பிடித்தார், பூஷ்தாவையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பிடித்தார். "முன்பக்கத்தத் தூக்கி, சக்கரத்த ஒரே ஒரு சுத்து சுத்துடா."

சுற்றினேன். கரகரவென்று ஒரு சத்தம். காய்ந்த சேறு முழுவதும் பொலபொலவென்று பூஷ்தாவின் பளபளக்கும் பூட்ஸ் மேல் கொட்டியது.

"ஏய்! சாட்சிப் பொருள்!" என்று கத்தினார்.

"ஒரு சுத்துக்கே கொட்டிடுச்சு, பாத்தீங்களா?" என்றார் லல்லா சாவதானமாக. "ஹம்மு காலைல ஊர்ல இருந்து மலை வரைக்கும் மிதிச்சிருக்கான். விடுதிங்களுக்கு ரொட்டி கொடுத்துட்டுத் திரும்பி இறங்கியிருக்கான். அவ்வளவு தூரத்துக்கும் கொட்டாத சேறு, பீஹி ஒரு சுத்து சுத்தினதும் ஏன் கொட்டுது?"

பூஷ்தா குனிந்து பூட்ஸைத் தட்டினார்.

"ஏன்னா இந்தச் சக்கரம் இந்த ஃபோர்க்குல ஓடவே இல்ல, ஐயா," என்றேன் நான். "சும்மா நின்னிருக்கு. பையன் விழுந்தப்புறம் யாரோ மாட்டியிருக்காங்க."

"கழட்டிப் பாப்போம்," என்றார் லல்லா.

நட்டைத் தளர்த்தியும் வரவில்லை. டயர் மேலே முட்டிக்கொண்டது. காற்றை இறக்கினால்தான் வரும் போலிருந்தது. வால்வைத் தேடினேன். தேடி எடுத்தால் பென்சில் முனை மாதிரி ஒல்லியாக ஒன்று. அழுத்திக் காற்றை இறக்கினேன். டயர் சப்பையானதும் சக்கரம் சமர்த்தாக வெளியே வந்தது. திரும்ப நுழைத்தோம். சப்பையாக இருக்கும்போது நுழைந்தது. சரி, இப்போது காற்றடிக்கலாம் என்று சாவடி ஜீப்புக்குக் காற்றடிக்கும் குழாயை இழுத்து வந்தால், அதன் வாய் பெரியது. ஒல்லி வால்வில் நிற்கவே இல்லை, புஸ் புஸ்ஸென்று என் முகத்தில்தான் அடித்தது.

"இத்தர் கடைல இந்த ஒல்லி வால்வு பாத்திருக்கியா?" என்று லல்லா கேட்டார்.

"எந்தக் காலத்துலயும் இல்ல. ரிம் ஓட்டையப் பெருசாக் குடைஞ்சு கார் வால்வுதான் வைப்பாரு. எந்தப் பெட்ரோல் பங்க்குலயும் காத்தடிச்சுக்கலாம்னு."

"ஆக, சக்கரம் இத்தரோடது இல்ல. இதச் சப்பையா நுழைச்சு, அங்கயே நின்னு காத்தடிச்சிருக்கான் ஒருத்தன். ஒல்லி வால்வுக்கு ஏத்த பம்பு வச்சிருக்கிற ஒருத்தன்." லல்லா பூஷ்தா பக்கம் திரும்பினார். "பையன் பொருளெல்லாம் எங்க?"

ஒரு துணிப்பையைக் கொட்டினார்கள். கல்லாகிப்போன இரண்டு ரொட்டி, ஒற்றைச் செருப்பு, ஒரு நீல நிறப் பாட்டில் மூடி.

"இந்த மூடி?"

"வலது கைக்குள்ள இருந்துச்சு. இறுக்கி மூடியிருந்தான், விரலப் பிரிக்கவே முடியல."

"பாட்டில்?"

"பாட்டில் கிடைக்கல. எங்கயாவது உருண்டு போயிருக்கும்."

"விழுந்ததும் உசுரு போயிடுச்சா?"

பூஷ்தா முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "இல்ல. டாக்டர் சொல்றாரு, மத்தியானம் வரைக்கும் இருந்திருப்பான்னு. யாராவது பாத்திருந்தா பிழைச்சிருப்பானாம்."

"பாத்திருக்காங்க," என்றார் லல்லா. மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொட்டி விக்கிற பையன் காசு கொடுத்துத் தண்ணி வாங்க மாட்டான். வழியெல்லாம் ஊத்து. இது வெள்ளைக்காரங்க குடிக்கிற தண்ணி. பீஹி, இந்தச் சக்கரத்தத் தூக்கு. ஐயா, நீங்களும் வாங்க. யம்னா வீட்ல இன்னிக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்ட கோழி."

யம்னா என்பது இத்தர் மனைவி. எங்களை வேலைக்கு வைத்ததே அவள்தான். பூஷ்தாவுக்கு அந்த வீட்டில் என்ன வரவேற்பு இருக்கும் என்பது அவருக்கே தெரியும். இருந்தாலும் கோழி என்றதும் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

வழியில் லல்லா அவருக்குச் சில வார்த்தை சொன்னார். கடைசியில் அவர் ஜீப்பைத் தெருக்கோடியிலேயே நிறுத்திவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கச் சந்துக்குள் போனார். கோழிக்கு ஆசைப்பட்டவருக்கு மண்சுவர்தான் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் முற்றம். இதுதான் இத்தர் இடம். வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. யம்னாவின் தம்பி ஜாமாவுடையது. வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் மலை சுற்றவைக்கும் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். மச்சான் உள்ளே போன நாளிலிருந்து அக்கா வீட்டிலேயே கிடக்கிறான். அரிசி, எண்ணெய், காய்கறி எல்லாம் அவன்தான் வாங்கி வருகிறான் என்று தெருவே மெச்சிக்கொண்டிருந்தது.

"வாங்க லல்லா, வாங்கண்ணே," என்றாள் யம்னா. அழுதழுது இமை வீங்கியிருந்தது. "ஏதாவது தெரிஞ்சுதா? அவர விட்டுடுவாங்களா?"

"முதல்ல உக்காருங்க," என்று ஜாமா தலையணையைத் தட்டிப் போட்டான். பார்க்க லட்சணமான பையன். பாதாம் அரைத்த அம்லூ கிண்ணத்தையும் ரொட்டியையும் எங்கள் பக்கம் நகர்த்தினான், உயரத் தூக்கி நுரை பொங்க டீ ஊற்றினான். "நான் அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேன், லல்லா. நல்ல வக்கீல் போதும், உங்களுக்கெல்லாம் எதுக்குச் சிரமம்னு. மச்சான் நல்லவரு. கைத்தவறு யாருக்கும் வர்றதுதானே."

"சிரமம் ஒண்ணுமில்லப்பா," என்றார் லல்லா. ரொட்டியை அம்லூவில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். பசி வந்துவிட்டிருந்தது. "யம்னா, ஒரு சின்ன உதவி. இந்தச் சக்கரத்துக்குக் காத்தடிக்கணும். ஊர் பூரா சுத்திட்டோம், எந்தப் பம்பும் சேரல. வால்வு இப்படி ஒல்லியா இருக்கு. எங்க அடிக்கலாம்?"

யம்னா குனிந்து பார்த்தாள். சைக்கிள் மெக்கானிக் மனைவிக்கு வால்வு தெரியாதா?

"அட, இதுக்கா ஊரெல்லாம் சுத்தினீங்க? என் தம்பி வண்டிலயே இருக்கே!" என்றாள் ஆவலாக. புருஷனுக்காக அலைகிறவர்களுக்கு ஒரு உதவி செய்யக் கிடைத்ததே என்று அவளுக்கு. "வெள்ளைக்காரங்க சைக்கிளெல்லாம் இந்த வால்வுதான். ஜாமா, எடுத்துக் கொடேன்டா."

"அது ரிப்பேர், அக்கா," என்றான் ஜாமா.

"போன வாரந்தானே புதுசுன்னு காட்டின?"

"நீ எந்திரிக்காத, ஜாமா," என்றார் லல்லா. "டீ ஆறிடும். பீஹி போய்ப் பாக்கட்டும்."

வேனின் பின்கதவைத் திறந்தேன். பம்பு கொக்கியில் தொங்கியது, ரிப்பேர் ஒன்றும் இல்லை. ஒல்லி வால்வுக்கான வாய், புத்தம் புதிது. பக்கத்தில் உபரிச் சக்கரங்கள் வரிசையாகத் தொங்கின, முன்னும் பின்னுமாக ஜோடி ஜோடியாக. ஒரு பின்சக்கரத்துக்கு மட்டும் ஜோடி இல்லை. அதன் தடித்த டயரில் ஓடியிருந்த வரிகளும் நான் காலையிலிருந்து தூக்கிச் சுமந்த சக்கரத்தின் வரிகளும் ஒன்றேதான். கீழே பிளாஸ்டிக் உறை கிழியாத, கம்பெனி பெயர் அச்சிட்ட தண்ணீர்ப் பாட்டில்கள். எல்லாவற்றுக்கும் நீல மூடி.

உள்ளே வந்தேன். பம்பை லல்லா முன்னால் வைத்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தேன்.

"நல்ல பம்பு," என்றார் லல்லா. "யம்னா, இன்னொண்ணு கேக்கணும். வளைஞ்சு வீணாப்போன சக்கரத்த உன் புருஷன் என்ன செய்வார்?"

"பின்னாடி குப்பைல போடுவாரு."

"அப்படியேவா?"

"அப்படியே போடுவாரா? நல்லா கேட்டீங்க!" அந்த வேதனையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "டியூப் தனியா, டயர் தனியா, ஹப்பு தனியா, போக்ஸ் கம்பியெல்லாம் ஒண்ணொண்ணா கழட்டித்தான் போடுவாரு. வெறும் வளையம்தான் குப்பைக்குப் போகும். முழுச் சக்கரத்தத் தூக்கிப் போட்டா அவருக்குத் தூக்கம் வராது. என் துணிக்கொடிக் கொக்கிகூட அந்தக் கம்பிதான். வேணும்னா வந்து பாருங்க."

அவளே எங்களைப் பின்முற்றத்துக்கு அழைத்துப் போனாள். ஜாமா எழுந்து கடைப் பக்கமாக நகர்ந்தான். நான் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டேன். "வாங்க தம்பி, குப்பை பாக்கலாம். நம்ம ஊர்ல வேற என்ன இருக்கு பாக்குறதுக்கு?"

மண்சுவரை ஒட்டி ஒரு குவியல். துருப்பிடித்த வெறும் வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்று. யம்னா சொன்னபடி ஒரு கம்பி கிடையாது, ஒரு டியூப் கிடையாது. லல்லா கைத்தடியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். நடுவில், மற்றவற்றுக்கு அடியில் செருகி வைத்தது போல ஒன்று கிடந்தது. நான் அதை இழுத்து எடுத்தேன்.

முழுச் சக்கரம். கம்பி, ஹப்பு, டயர், டியூப் எல்லாம் இருந்தன. டயர் மெல்லியது. வால்வு தடித்தது, ஓட்டையைக் குடைந்து வைத்த கார் வால்வு, இத்தர் கைவேலை. ரிம் நடுவில் இரண்டாக மடிந்திருந்தது. ஒருபக்கமாக ஏறி நசுக்கிய கனமான ரப்பரின் கறுப்புத் தடம் மடிப்பில் அப்படியே இருந்தது.

வளைந்த சக்கரத்தை ஒளித்துவைக்கச் சைக்கிள் கடைக் குப்பையைவிட நல்ல இடம் கிடையாது என்று எவனோ கெட்டிக்காரத்தனமாக யோசித்திருக்கிறான். அந்தக் கடைக்காரர் குப்பையில் எதைப் போடுவார், எப்படிப் போடுவார் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த வீட்டுச் சோறு தின்றும் தெரியவில்லை.

"இது அவர் போட்டது இல்லையே," என்றாள் யம்னா. சொல்லிவிட்டு அந்த மடிந்த சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"எதிர்ல லாரி வந்துச்சுக்கா," என்றான் ஜாமா.

அவ்வளவுதான். ஒரு அடி இல்லை, மிரட்டல் இல்லை. அவனே கொட்டினான்.

"வெள்ளைக்காரங்க கீழ காத்துட்டிருந்தாங்க. லேட்டாயிடுச்சு. வளைவுல அவன ஒதுக்கி முந்தப் போனேன், லாரி வந்துச்சு, உள்ள ஒடிச்சேன். வேன் பின்சக்கரத்துல அவன் முன்சக்கரம் மாட்டிக்கிச்சு. நிறுத்திட்டுக் கீழ இறங்கி ஓடினேன். பாறைல கிடந்தான். செத்துட்டான்னுதான் நினைச்சேன், சத்தியமா. செத்தவனுக்கு என்ன செய்ய முடியும்?"

"செத்தவன் தண்ணி கேட்டானா?" என்றார் லல்லா.

ஜாமா வேன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டான். நீயும் கொடுத்த. உனக்கும் மனசு இருக்கு, யார் இல்லன்னா? பாட்டில்ல கம்பெனி பேர் இருக்குன்னு திரும்பப் பிடுங்கிக்கிட்ட. மூடிய மறந்துட்ட. அப்புறம் ரோட்டுக்கு ஏறி வந்து, நசுங்கின சக்கரத்தக் கழட்டின. நசுங்கின சக்கரம் வேன்னு சொல்லிடும்ல. வண்டில இருந்து வேற எடுத்து மாட்டிப் பாத்த. நுழையல. காத்த இறக்கின. நுழைச்ச. திரும்ப நின்னு நிதானமாக் காத்தடிச்ச." லல்லா குரலை உயர்த்தவே இல்லை. "கீழ அவன் மூடியக் கையில வச்சுக்கிட்டு, அண்ணன் ஆள் கூட்டிட்டு வரப் போயிருக்காருன்னு நினைச்சிருப்பான். டயருக்குக் காத்தடிக்க உனக்கு நேரம் இருந்துச்சு. ஆம்புலன்சுக்குப் போன் அடிக்க நேரம் இல்ல. அந்தப் பம்புச் சத்தம் கீழ வரைக்கும் கேட்டிருக்குமா, ஜாமா?"

அவன் முற்றத்தில் அப்படியே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

யம்னாதான் என்ன செய்யப் போகிறாளோ என்று பார்த்தேன். அறைவாள், காறித் துப்புவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நசுங்கின சக்கரத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அதைக் குவியலின் மேல் வைத்தாள். மேலே இரண்டு வெறும் வளையங்களை எடுத்துப் போட்டு மூடினாள்.

"கோழி வெந்திருக்கும், லல்லா," என்றாள். "சாப்பிட்டுட்டுப் போங்க. இது இங்கயே கிடக்கட்டும்."

"என்ன சொல்ற நீ?" என்றேன்.

"அவரு ஒத்துக்கிட்டாரு இல்லண்ணே? கையெழுத்தும் போட்டாச்சு. கைத்தவறுன்னா ரொம்ப வருஷம் போட மாட்டாங்கன்னு வக்கீல் சொல்றாரு. அவரு பொறுமைசாலி, இருந்துட்டு வந்துடுவாரு. இவன் தாங்க மாட்டான். எங்கம்மா சாகறப்ப இவன் கையத்தான் என் கைல பிடிச்சுக் கொடுத்தா."

"உன் புருஷன் அங்க ஒரு வாய் சாப்பிடல," என்றார் லல்லா. "ஒரு பையனக் கொன்னுட்டோம்னு சுவத்துல முட்டிக்கிட்டுக் கிடக்கார். தெரியுமா?"

"தெரியும். சோறு நான்தானே கொண்டுபோறேன்."

அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஜாமா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

"நான் வேண்டாம்னா கேஸ் முடிஞ்சுதுதானே?" என்றாள் யம்னா. "உங்கள வச்சது நான்தானே?"

"ஆமா, நீதான்," என்றார் லல்லா. பிறகு மண்சுவரைப் பார்த்து, "ஐயா, கேட்டுச்சா?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் ஒரு தொப்பி தெரிந்தது. பிறகு வியர்த்து வழியும் பூஷ்தா. "எல்லாம் கேட்டுச்சு," என்றார். சுவரேறிக் குதித்து, விலங்கை எடுத்தார். வெயிலில் நின்ற எரிச்சலை ஜாமாவின் மணிக்கட்டில் காட்டினார்.

அப்போதுதான் யம்னா அலறினாள். தம்பியைப் பார்த்து இல்லை, ஜாந்தார்மைப் பார்த்தும் இல்லை. லல்லாவின் மேல் பாய்ந்தாள். "என் வீட்டு ரொட்டியத் தின்னுட்டு என் வீட்டையே கொளுத்திட்டியே! நல்லா இருப்பியா நீ? உன் குலம் விளங்குமா?"

"நீ கேட்டது உன் புருஷனத்தான்," என்றார் லல்லா. "சாயங்காலம் வந்துடுவார். கோழியச் சூடு பண்ணி வை."

இரக்கமில்லாத பொம்பளை என்று ஊரில் அவரைச் சொல்வார்கள். அன்றைக்கு நானும் சொல்லியிருப்பேன். ஆனால் வெளியே வந்து என் காரில் ஏறியதும், "பீஹி, இன்னிக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்டா," என்றார்.

சாவடியில் பூஷ்தா நீதிமன்றத்துக்குப் போன் போட்டார். யாரிடமோ நிறைய "சரிங்கய்யா" சொன்னார். பிறகு இத்தரைக் கூட்டி வந்தார்கள். தாடி வளர்ந்து, கண்கள் உள்ளே போய், பாதி ஆளாகியிருந்தார். நெற்றியில் காயம் காய்ந்திருந்தது. "நீங்க போகலாம். அது நீங்க மாட்டின சக்கரம் இல்ல," என்றார் பூஷ்தா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

இத்தருக்கு அது உடனே ஏறவில்லை. லல்லாவைப் பார்த்தார். "நான் மாட்டினது?"

"நீங்க மாட்டினது எங்ககிட்ட இருக்கு. மெல்லிசு டயர், கார் வால்வு."

"விரல் போச்சா?"

"என் ரெண்டு விரல் போச்சு, அண்ணே," என்றேன். சாவடிக்கு வந்ததும் அந்த டயரின் உயரத்தை ஹம்முவின் ஃபோர்க்கோடு வைத்து அளந்து பார்த்திருந்தேன். பொய் இல்லை.

அவர் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கித் தன் நடுவிரலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சுவரோரமாக உட்கார்ந்து அழுதார். பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்கள யாரு வேலைக்கு வச்சாங்க, லல்லா?" என்று கேட்டார்.

"உங்க பொண்டாட்டி," என்றார் லல்லா.

"யம்னாவா?" அவர் முகம் மலர்ந்தது. "எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. அவளுக்கு இருந்துருக்கு பாருங்க. என் மேல உசுரு அவளுக்கு."

லல்லா எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் சொல்லாமல் விட்ட வார்த்தைகளை எண்ணினால் அன்றைக்குச் சொல்லாமல் விட்டவைதான் அதிகமாக இருக்கும்.

அப்போது தாழ்வாரக் கதவு திறந்தது. இரண்டு ஜாந்தார்ம்கள் நடுவில் ஜாமா வந்தான். இத்தர் காலி செய்துவிட்டு வந்த அறைக்குத்தான் அவனைக் கொண்டுபோனார்கள். விலங்கு தெரியாமல் கையின் மேல் அவன் கோட்டைப் போட்டிருந்தார்கள்.

இத்தர் எழுந்தார். "மாப்ள! வந்துட்டியா?" என்று போய் அவனை இறுகக் கட்டிக்கொண்டார். "நீ வருவேன்னு எனக்குத் தெரியும்டா. வண்டி கொண்டு வந்திருக்கியா? வா, வீட்டுக்குப் போலாம். அக்கா காத்துட்டிருப்பா."

கட்டிப்பிடித்த வேகத்தில் கோட்டு நழுவிக் கீழே விழுந்தது. இத்தர் இன்னும் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் ஜாமாவின் தோளுக்குப் பின்னால் இருந்தது. தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ள அந்தக் கைகள் ஏன் எழவில்லை என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்.